கண்மாய்க்கரையில் தட்டாத வண்டி

பொன்ராஜ் அண்ணாச்சி காரை மாற்றியதற்கு எங்கள் தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மூட்டு வலி என்றார்கள். பணக்கொழுப்பு என்றார்கள். மூன்றாவது வீட்டுக்காரி என்னிடமே வந்து, "மறுகல்யாணம் எதுவும் முடிக்கப் போறாரோ?" என்று கேட்டாள். "ஆமா, பொண்ணு நல்ல ஒசரம். குட்டைக் கார்ல ஏறுனா தலை இடிக்குமாம்" என்று சொல்லி அனுப்பினேன்.

உண்மைக் காரணம் நரிக்குடிப் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரை. அது அண்ணாச்சிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். செத்துப்போன முத்துமாரியக்காவுக்கும் தெரியும்.

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே காம்பவுண்டுச் சுவர். அண்ணாச்சிக்கு மல்லி, வத்தல் வியாபாரம். பந்தல்குடி ரோட்டில் குடோன். ஒரே மகன் ஆனந்தகுமார், பெண்டாட்டி ஜோதிகாவோடு கனடாவில் இருக்கிறான். முத்துமாரியக்கா அண்ணாச்சியின் சம்சாரம். மஞ்சக்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் அத்தனை பெரிய வீட்டில் அவரும் காரும்தான். காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு காருக்குள் போய் உட்காருவார். கேட்டைத் தாண்டாமலே ஏசியைப் போட்டுப் படித்து முடித்துவிட்டு இறங்குவார். "எங்க அண்ணாச்சி போயிட்டு வாரீக?" என்று சுவருக்கு மேலே கேட்பேன். "பேட்டரி எறங்கிரும்ல, அதான்" என்பார்.

அந்தப் பழைய கார் வெளிநாட்டுக் கம்பெனிக் கார். கறுப்பு. முன்னால் பார்த்துவிட்டுப் பின்னால் போய்ப் பார்ப்பதற்குள் கால் வலிக்கும், அத்தனை நீளம். உயரம்தான் இல்லை. உள்ளே உட்கார்ந்தால் ரோட்டில் நிற்கிற ஆட்டின் வயிறு தெரியும்.

அந்தக் கார் வாங்கிய வருடம் பங்குனியில் குலசாமி கோயிலுக்குப் பொங்கல் வைக்கக் கிளம்பினார்கள். லீவுக்கு வந்திருந்த ஆனந்தகுமார் ஓட்டினான். முன்னால் அண்ணாச்சி. பின்னால் முத்துமாரியக்கா, ஜோதிகா, ஜோதிகாவின் அம்மா. நரிக்குடி தாண்டி அண்ணாச்சியின் அக்கா செல்லக்கனி இருக்கிற ஊர் வந்ததும் அவளையும் ஏற்றிக்கொண்டார்கள். பின் சீட்டில் நாலு பொம்பளைகள். செல்லக்கனியக்கா மடியில் பொங்கல் பானை. அந்தக் குடும்பத்தில் பொங்கல் பொங்கும்போது முதல் குலவை போடுவது அந்த வீட்டில் பிறந்த பெண்தான். அது அவளுடைய உரிமை. அதற்காக ஒரு வாரமாகத் தொண்டையைக் காத்து மோர்கூடக் குடிக்காமல் இருந்தாளாம்.

ஊருக்கும் கோயிலுக்கும் நடுவில் கண்மாய்க்கரை. ஏறினதுமே காரின் அடிவயிறு டர்ரென்று தரையில் உரசியது. ஆனந்தகுமார், "லோடு ஜாஸ்திப்பா, ஒராளு எறங்கணும்" என்றான். யாரை இறக்குவது? சம்பந்தியம்மாவை இறக்க முடியுமா? மருமகளை இறக்கினால் நன்றாக இருக்குமா? அண்ணாச்சி திரும்பிப் பார்த்து, "அக்கா, நீ நம்ம ஆளுதான. கரை முடியிற வரைக்கும் நடந்து வா, அங்கன ஏத்திக்கிறேன்" என்றார்.

அவள் இறங்கினாள், பானையோடு.

கரை முடிகிற இடத்தில் மணல். நிறுத்தினால் டயர் புதைந்துவிடும் என்று ஆனந்தகுமார் நிறுத்தவில்லை. அண்ணாச்சியும் நிறுத்தச் சொல்லவில்லை. முத்துமாரியக்கா கத்தினாளாம், யாரும் காதில் வாங்கவில்லை. பங்குனி வெயிலில் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்லக்கனியக்கா கோயில் வரைக்கும் நடந்தே போனாள். அவள் போய்ச் சேரும்போது, நல்ல நேரம் போய்விடும் என்று பூசாரி அவசரப்படுத்தியதில், அங்கேயே ஒரு பானை வாங்கிப் பொங்க வைத்து முடித்திருந்தார்கள். குலவை போட்டது சம்பந்தியம்மா.

செல்லக்கனியக்கா திருநீறு பூசிக்கொண்டு, பானையை அப்படியே கொண்டுபோய் வீட்டில் கவிழ்த்து வைத்தாள். இதையெல்லாம் முத்துமாரியக்கா சுவரோரம் நின்று மீனை உரசிக்கொண்டே என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "நம்ம ஆளு, நம்ம ஆளுன்னே எறக்கி விட்டுட்டாக, ரேணுகா" என்று அழுதாள்.

அதற்கப்புறம் செல்லக்கனியக்கா அண்ணாச்சியின் காரில் ஏறவே இல்லை. பேச்சை முறிக்கவில்லை. நல்லது கெட்டதுக்கு வருவாள், பஸ்ஸில். முத்துமாரியக்கா செத்த வீட்டுக்கும் அப்படித்தான் வந்தாள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது அண்ணாச்சி, "கார்ல கொண்டாந்து விடுறேன்க்கா" என்றார். "பஸ்ஸு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அண்ணாச்சி கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிலேயே நின்றார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அவரை இந்த உலகத்தில் "ஏலே" என்று கூப்பிட மிச்சமிருப்பது அந்த ஒரு மனுஷிதான்.

"நேராப் போயி, தப்பு என்மேலதான்க்கான்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். "அது அவளுக்கே தெரியும் தாயி" என்றார். நம் பக்கத்து ஆம்பளைகளுக்கு அந்த வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அதற்குப் புதுக் கார் வாங்குவது சுலபம்.

வாங்கினார்.

வண்டி எடுக்க மதுரைக்குப் போகும்போது கூடப் போக ஆளில்லை. "ஒத்தையாப் போயிப் புது வண்டி எடுக்கக்கூடாதுல்ல. நீங்க ரெண்டு பேரும் வாங்களேன்" என்று சுவருக்கு மேலே கூப்பிட்டார். நானும் என் வீட்டுக்காரர் நாகராஜும் போனோம். ஷோரூமில் வண்டியைச் சிவப்புத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். துணியை உருவினால் உள்ளே ஒரு வெள்ளை யானை. ஏழு சீட்டு. டை கட்டிய பையன், மேற்கூரை திறக்கும், சீட்டு தானாகச் சூடாகும் என்று அடுக்கினான். "எங்க ஊர்ல சீட்டைச் சூடாக்க வெயிலே போதும் தம்பி" என்றேன்.

அண்ணாச்சி எதையும் கேட்கவில்லை. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, தரையில் கையை ஊன்றிக் குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தார். "ஏழு பேரு ஏறுனா கண்மாக்கரையில தட்டாதே?" என்றார். பையனுக்குக் கண்மாய் தெரியவில்லை. "எங்கேயும் தட்டாது சார்" என்றான்.

அப்புறம், "ஃபேமிலி எல்லாரும் வண்டி முன்னாடி வாங்க சார், போட்டோ" என்று கூப்பிட்டான். அண்ணாச்சி எங்களைப் பார்த்தார். போய் நின்றோம். அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அவர் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. தெரியாத யாராவது பார்த்தால் நான்தான் அவர் மகள் என்று நினைப்பார்கள்.

பங்குனி வந்தது. "நாந்தான் ஓட்டுவேன்" என்று அவரே கிளம்பினார். நானும் என் வீட்டுக்காரரும் நடுச் சீட்டில். முன் சீட்டைக் காலியாக விட்டிருந்தார். திருச்சுழி தாண்டியதும் திடீரென்று, "முன்னாடி உக்காந்தா கண்மா முழுக்கத் தெரியும்ல?" என்றார். தண்ணீர் இல்லாத கண்மாயில் கருவேலத்தைத் தவிர என்ன தெரியும்? "நல்லாத் தெரியும் அண்ணாச்சி" என்றேன்.

செல்லக்கனியக்கா சீலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். அந்தப் பழைய பானை சுண்ணாம்பு பூசி, மஞ்சள் கொத்துக் கட்டி, திண்ணை மேல் தயாராக இருந்தது. வண்டியைப் பார்த்ததும் கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டாள்.

"என்னலே பொன்ராசு, வீட்டையே ஓட்டிக்கிட்டு வந்துட்ட?"

"ஒனக்குத்தான்க்கா. ஏறு. முன்னாடி ஏறு."

"எனக்கா? எனக்கு எதுக்குலே இத்தாம் பெருசு?"

"கரையில தட்டாதுக்கா. அடியில பாரு, எம்புட்டு எடம் இருக்கு. ஆடு நொழைஞ்சு போவும்."

அவள் அடியில் பார்க்கவில்லை. தம்பியின் மூஞ்சியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் பானையை என் கையில் கொடுத்துவிட்டு வண்டிக்கிட்டே வந்தாள். அண்ணாச்சி ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். வந்த வேலை முடிந்தது என்று எனக்குள் சந்தோஷம்.

செல்லக்கனியக்கா சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது காலை எடுத்துப் படியில் வைக்கப் போனாள். கால் எட்டவில்லை. கைப்பிடியைப் பிடித்து எக்கினாள். மூட்டு மடக்கென்றது. "யாத்தே" என்று காலைக் கீழே வைத்தாள். மறுபடியும் எக்கினாள். அண்ணாச்சி முழங்கையைத் தாங்கினார். நான் பானையை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்று தள்ளினேன். முடியவில்லை. அக்காவின் மூட்டு எனக்குத் தெரியாதா? முத்துமாரியக்கா செத்த வீட்டில் ஒவ்வொரு படிக்கும் உட்கார்ந்து எழுந்த மனுஷி. ஷோரூமில் வண்டியின் வயிற்றைப் பார்த்த அண்ணாச்சி படியைப் பார்க்கவில்லை. அந்தக் குட்டைக் காரில் இவள் சும்மா திரும்பி உட்கார்ந்துவிடலாம்.

"இருங்கக்கா, ஒரு ஸ்டூலு எடுத்தாரேன்" என்று நான் வீட்டுக்குள் ஓடிப்போய் பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து வந்தேன்.

செல்லக்கனியக்கா ஸ்டூலைப் பார்த்தாள். சிரித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்:

"ஸ்டூலு போட்டு ஏறிரலாம் தாயி. எறங்கச் சொல்லும்போது யாரு போடுவா?"

என் வீட்டுக்காரர் ஆகாயத்தைப் பார்த்தார். அண்ணாச்சி திறந்த கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். அந்த இடம்தான். அந்த இடத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. "வேற வண்டி மாத்திரட்டுமாக்கா?" என்றார்.

அட கூறுகெட்ட மனுஷா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"போதும்லே, மாத்துனது" என்றாள் அக்கா. கோபமே இல்லை. அதுதான் இன்னும் மோசம். என் வீட்டுக்காரர் கையிலிருந்து பானையை வாங்கிக்கொண்டு, கோயிலுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வந்த ஷேர் ஆட்டோவைக் கையைக் காட்டி நிறுத்தினாள். பின்னால் கடைசிப் பலகையில், ரோட்டைப் பார்த்தமாதிரி ஏறி உட்கார்ந்தாள். அதன் படி தாழ்வு.

அண்ணாச்சி வண்டியை எடுத்தார். கண்மாய்க்கரையில் முன்னால் ஆட்டோ, பின்னால் நாங்கள். எதுவும் எங்கேயும் தட்டவில்லை. ஆரன் அடித்தால் ஆட்டோ ஒதுங்கிப் போயிருக்கும். அவர் அடிக்கவில்லை. ஆட்டோ உருண்ட வேகத்திலேயே அதன் புழுதியைத் தின்றுகொண்டு உருட்டினார். செல்லக்கனியக்கா பானையை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். அக்காவும் தம்பியும் கரை நெடுக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போனார்கள், நடுவில் ஒரு கண்ணாடி. புழுதி படியப் படிய அண்ணாச்சி வைப்பரைப் போட்டுத் துடைத்தார். மணல் வந்த இடத்தில் வண்டியை நிறுத்தினார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எடுத்தார். புதையவில்லை.

கோயிலில் இந்தத் தடவை பூசாரி அவசரப்படுத்தியும் அண்ணாச்சி அடுப்பைப் பற்ற வைக்க விடவில்லை. "எங்க அக்கா வரட்டும்" என்று அதட்டினார். ஆட்டோ நின்ற இடத்திலிருந்து அவள் மூட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து அவள் பானையைத்தான் ஏற்றினாள். பொங்கும்போது குலவை போட்டாள் பாருங்கள், எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. அண்ணாச்சி துண்டால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டார். புகை அவர் பக்கம் போகவில்லை.

கிளம்பும்போது செல்லக்கனியக்கா பானையில் பாதிக்குமேல் பொங்கலை வைத்து, வாயை வாழை இலையால் கட்டி, வண்டிக்குக் கொண்டு வந்தாள்.

"ராவைக்குச் சூடு பண்ணித் தின்னு. பரோட்டாவா வாங்கித் தின்னு கெடக்கியாம், இந்தப் பிள்ள சொல்லுச்சு."

"கொண்டாந்து விடுறேன்க்கா."

"ஆட்டோ நிக்குதுல்ல."

பானையை அவளே எக்கி முன் சீட்டில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

கரைக்குப் பக்கத்தில் வரும்போது வண்டி டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர், "கதவு சரியாச் சாத்தல போல" என்றார். கதவு இல்லை. கனமான பானை. முன் சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று வண்டி நினைத்துக்கொண்டது. நிற்காமல் அடித்தது. பானையை எடுத்து நான் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன்.

"இருக்கட்டும் தாயி" என்றார் அண்ணாச்சி. வண்டியை ஓரம்கட்டினார். பெல்ட்டை இழுத்துப் பானையின் கழுத்தைச் சுற்றி மாட்டினார். சத்தம் நின்றது. அருப்புக்கோட்டை வரைக்கும் அது அப்படியே உட்கார்ந்து வந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு வாரம் கழித்து அவர் பஜாரில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி வண்டியின் கடைசிச் சீட்டில் போட்டார். நீலக் கலர். ஆவணியில் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஒரு ஸ்டூல் குறைந்தது. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். வண்டிக்குள் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பின்னாடி சும்மாதான கெடக்கு, அந்த ஸ்டூலக் கொஞ்சம் குடுங்களேன்."

கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள மர ஸ்டூலு இருக்கு, எடுத்துக்க தாயி. இது வண்டியிலேயே இருக்கட்டும்."

கண்ணாடியை ஏற்றிவிட்டார். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த பங்குனிக்கு இன்னும் நாள் கிடக்கிறது.