சாய்ந்த சுவரும் தொண்ணூற்றெட்டு டைல்களும்

தரைக்கு டைல் பதிக்கும் அவளுக்கு வேலையிடத்தில் வைத்த பெயர் மூலைமட்டம், அதாவது மூலையின் கோணல் பார்க்கும் கருவி. வீட்டுச் சுவரில் காலண்டர் ஒரு நூல் சாய்ந்திருந்தால்கூட அவளுக்குச் சோறு இறங்காது. வேறென்ன பெயர் வைப்பார்கள்! ஒன்பது வருஷம் கலவை சுமந்தாள். சுமந்தபடியே மேஸ்திரிகளின் கையைப் பார்த்துத் தொழிலைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அவளுடைய வீட்டுக்காரர்தான் அவளுக்குக் கையாள். கலவை போடுவார், டைல் எடுத்துக் கொடுப்பார், மற்ற நேரமெல்லாம் பயப்படுவார்.

அவள் தன் பொறுப்பில் எடுத்த முதல் வேலை ஒரு நூலகத்தின் படிப்பறை. முன்னறையில் ஏற்கெனவே பதித்திருந்த சாம்பல் நிற டைலே இங்கும் வேண்டும். அந்த நிறத்தைக் கம்பெனி நிறுத்திவிட்டது. கையிருப்பு தொண்ணூற்றெட்டு, அவ்வளவுதான்.

படிப்பறையோ முறம் மாதிரி. பின்சுவர் முப்பத்திரண்டு அடி, அதற்கு எதிரே வாசல் சுவர் பதினாறு அடி, இரண்டு பக்கச் சுவர்களும் சாய்வு. நடுவில் அடைத்துக்கொண்டு புத்தக அலமாரிகள். வேலையை மேற்பார்க்க வந்த என்ஜினீயர், அவற்றை நகர்த்தச் சோம்பி, பக்கச் சுவரோரமாக டேப்பை ஓட்டினார். பதினேழு அடி.

"இருபத்துநாலு பெருக்கல் பதினேழு, நானூத்தியெட்டு சதுர அடி. ரெண்டடி டைல்னா நூத்திரண்டு வேணும். பத்தாது. முன்னறையையும் பேத்துட்டு எல்லாத்துக்கும் வேற போட்டுடலாம்."

"சார், எதிரெதிர்ச் சுவரைக் கூட்டிப் பாதியாக்கினீங்க, சரி. ஆனா சாய்வால பெருக்கிட்டீங்களே! நேர் தூரத்தாலதானே பெருக்கணும்?"

"எனக்கே பாடமா?" என்றார் அவர்.

அவள் அலமாரிகளின் சந்தில் தவழ்ந்து, ஒட்டடையெல்லாம் தலையில் வாங்கிக்கொண்டு, வாசல் சுவரிலிருந்து பின்சுவர் வரை டேப்பை நேராக இழுத்தாள். பதினைந்து அடி. ஆக முந்நூற்றறுபது சதுர அடி, தொண்ணூறு டைல். வெட்டுச் சேதத்துக்கு எட்டு மிச்சம்.

"ஒரு டைல் குறைஞ்சாலும் முன்னறையை நானே பேத்து, கூலி வாங்காம மறுபடி போட்டுத் தரேன்" என்றாள்.

கூடவே நின்றிருந்த நூலகர் அம்மா யோசித்தார். "இவங்களே போடட்டும் சார்."

"அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க" என்று என்ஜினீயர் கிளம்பிவிட்டார்.

"சும்மா கெடந்த சங்கை ஊதிட்டியே!" என்று தலையில் கைவைத்தார் வீட்டுக்காரர். "குறைஞ்சா நம்மள இனிமே எவன் கூப்பிடுவான்?"

அது அவளுக்கும் தெரியும். ஒருமுறை சறுக்கினால் போதும், பொம்பளை மேஸ்திரி என்றாலே சிரிப்பார்கள்.

அலமாரிகளை வெளியேற்றி வேலையைத் தொடங்கிய அன்றே மூன்று டைல் வெட்டும்போது உடைந்தது. எட்டு ஐந்தாயிற்று. அதன்பிறகு, சாய்வுக்கு வெட்டிய துண்டு எதையும் அவள் வீசவில்லை. அரைச்சுற்றுத் திருப்பி அதே சுவரோரம் வேறொரு வரிசையில் வைத்துப் பார்த்தாள். பல துண்டுகள் அச்சாகப் பொருந்தின.

நான்காம் நாள் கடைசி மூலையும் மூடியபோது இரண்டு முழு டைல்கள் மிச்சம். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தாங்குவானேன்? ஒன்பது வருஷத்துக் கணக்கு அது. வெளியே போய் நூலகர் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள்.

என்ஜினீயர் வந்து நான்கு மூலைகளையும் உற்றுப் பார்த்தார். எங்கும் இட்டு நிரப்பிய ஒட்டு இல்லை. "எப்படிம்மா?"

அவள் டேப்பின் நுனியை வாசல் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெட்டியை அவர் கையில் கொடுத்தாள். "நேரா நடங்க சார்."

வெறும் தரையில் அவர் நடந்து பின்சுவரைத் தொட்டார். குனிந்தார். நிமிர நேரமாயிற்று.

"பதினஞ்சு" என்றார். "நான்தான் தப்பு. அடுத்த மாசம் ஒரு மாடி வேலை இருக்கு, மேஸ்திரி. நீங்க வந்து அளந்து சொன்னப்புறம்தான் டைல் வாங்குவேன்."

"எனக்கு அப்பவே தெரியும் சார்!" என்றார் வீட்டுக்காரர், கலவைக் கையோடு மார்பைத் தட்டி.

இன்றைக்கு அவரும் கொஞ்சம் பீற்றிக்கொள்ளட்டும், இருவருக்கும் போதுமான பெருமை இருக்கிறது என்று அவள் விட்டுவிட்டாள்.