சாமான் வைக்க ஓர் அறை

பதுளையில் எங்கள் இரத்தப் பரிசோதனை நிலையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் கபிரியேல். ஹாலிஎலப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர், பேச்சில் மகா கஞ்சன். யாழ்ப்பாணத்துக்காரியான நான், கேசினி, வரவேற்பு மேசையில் இருந்து அவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவேன்.

சென்ற டிசம்பரில் ஹார்ட் டிஸ்க் நிரம்பி, புது நோயாளிகளைப் பதிய முடியாமல் போயிற்று. இரண்டு முறை பதிவாகியிருந்த முடிவுகளையெல்லாம் கபிரியேல் அழித்தார். அப்படியும் துளி இடம் கூடவில்லை. முதலாளி றுஷ்தி டொக்டர் பொறுமையிழந்து, பழைய நோயாளிகளின் முடிவுகளை மொத்தமாக அழிக்கச் சொன்னார். சிறுநீரக நோயாளிகள் அவற்றை நம்பித்தானே வருகிறார்கள்!

"அழிச்சும் ஏன் இடம் வரேல்லை, கபிரியேல்?"

"இன்னும் அழிச்சாலும் இதே கததான் மிஸ். டேட்டாபேஸ்ல முடிவு வைக்கிற டேபிள், காலியான எடத்தத் தனக்குன்னே புடிச்சு வச்சிருக்கு. மிச்சத்த வெளிய எடுத்து, திரும்ப அடுக்கினாத்தான் விடும். வெளிய வைக்கத்தான் எடமில்ல."

அப்புறம் நான் கேட்காமலே, தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கதையை எடுத்தார். அவர்களுக்கு ஒரே அறையாம். நத்தார்ப் பண்டிகைக்கு வெள்ளையடிக்க, சட்டி பானை முதல் மாதா சுரூபம் வரை பக்கத்து அறை அந்தோனியம்மா வீட்டுக்குப் போகும். திரும்பும்போது வேண்டாதது வராது, அறையே பெரிதாகிவிடும். மறுநாள் அந்தோனியம்மாவின் சாமான் இங்கே வரும். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சாமான்களுக்கு நடுவே உருண்டு படுப்பார்கள். சொல்லும்போது மனிதரின் முகம் குழந்தை முகமாகிவிட்டது.

சட்டென்று எழுந்து பக்கத்து ஸ்டூடியோ இத்ரூஸிடம் போய், கலியாண வீடியோ வைக்கும் டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். முடிவுகளை அதில் பிரதியெடுத்துச் சரிபார்த்தார். எங்கள் கணினியில் இருந்த பழைய டேபிளை அவர் நீக்கியபோது நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. புதிதாக ஏற்றி முடித்தபோது எங்கள் ஹார்ட் டிஸ்க்கில் பாதி காலி. ஒரு நோயாளியின் முடிவும் போகவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கபிரியேல் பதுளையில் வீடு கட்டி வந்து ஆறு வருடம். "அப்ப அந்தோனியம்மா இப்ப ஆற்ற வீட்டிலை சாமான் வைக்கிறவ?" என்று சும்மா கேட்டுவைத்தேன்.

டிஸ்க்கின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"மழ இல்லாத நாளாப் பாத்து வாசல்ல வைக்குதுங்க. எங்க ரூமு பூட்டித்தான் கெடக்கு. அம்மா இருந்த ரூமு, விட மனசு வரல. சாவி எங்கிட்டதான்."

மீதி வயரையும் சுற்றி, டிஸ்க்கை மேசையில் வைத்தார்.

"டொக்டர்கிட்ட லீவு சொல்லிருங்க மிஸ். நாளைக்குப் போயி அந்தக் கதவத் தொறந்து குடுத்துட்டு வர்றேன்."