ஏகாதசியன்று ஏறிய மருந்து

அம்மாவுக்கு வந்த ஜுரத்துக்கு மருந்துதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். நானும் தொண்டை வறள வறளச் சொன்னேன். அம்மா மட்டும், தான் குடித்த இரண்டு டம்ளர் தண்ணீர்தான் காரணம் என்றாள். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவே அவள் கட்சி.

அவளுக்கு எலும்பு பலவீனமாகி, லேசாக ஊன்றியதற்கே மணிக்கட்டு முறிந்திருந்தது. செவிலிமேட்டில் பெரியம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவள், கடைசி வரை கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. அம்மாவுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். எலும்பு உறுதிக்கு வருஷத்துக்கு ஒரு தரம் டிரிப்ஸில் ஏற்றும் மருந்து அப்போதுதான் வந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு போனேன்.

"நல்லா தண்ணி குடிச்சிக்கினு வந்தீங்களாமா?" என்று நர்ஸ் கேட்டாள்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். "இன்னிக்கு ஏகாதசி. பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படக் கூடாது."

"கிளம்பறச்சே சொல்றதுக்கு என்னம்மா?"

"நீ லீவு போட்டுட்டயே."

இன்னொரு நாள் வரலாம் என்றேன். அதற்கும் மாட்டாளாம். தண்ணீர் குடிக்காமல் ஏற்றினால் கிட்னி கெட்டுவிடும் என்று நர்ஸ் மிரட்டவும், "பெருமாளே" என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

மறுநாள் உடம்பு அனலாய்க் கொதித்தது. புரண்டு படுக்க முடியாத வலி. டாக்டருக்குப் போன் செய்தேன். முதல் தடவை இந்த மருந்தை எதிரி என்று நினைத்து உடம்பு சண்டை போடுகிறது, மாத்திரை கொடுங்கள், இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும், அடுத்த தடவை பெரும்பாலும் வராது என்றார். அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன்.

"மருந்து என்னடீ பண்ணும்? விரதத்தை முறிச்சேனே, அதான்."

ஜுரம் போய்விட்டது. பேச்சு போகவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் வருஷம் முழுக்க இதையே சொன்னாள். விஞ்ஞான டீச்சர் வீட்டில் இந்தக் கூத்து! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வருஷம், வரவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மாவை நினைத்துப் பார் என்று கத்தினேன், அழுதேன். எதற்கும் அசையவில்லை. கடைசியில் பஞ்சாங்கத்தை அவள் மடியில் போட்டு, "நீயே நாள் பாரு" என்றேன். துவாதசியைக் காட்டினாள். அன்று காலையில் பாரணை செய்து விரதத்தை முடித்து, கேட்பதற்கு முன்பே சொம்பு சொம்பாய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

ஜுரம் வரவில்லை.

"பாத்தியா? இப்பவாவது ஒத்துக்கறயா?" என்றாள், வாசலில் கோலம் போட்டுக்கொண்டே.

டாக்டர் சொன்னது நாக்கு நுனி வரை வந்தது. குனிந்து கோலம் போட்டவள் இடுப்பில் கை வைக்காமல், சுவரைப் பிடிக்காமல் நிமிர்ந்து நின்றாள்.

"ஒத்துக்கறேம்மா" என்றேன். உள்ளே போய், அடுத்த வருஷம் இதே மாசத்துத் துவாதசி என்றைக்கு என்று பார்க்கப் புதுப் பஞ்சாங்கம் வந்துவிட்டதா என்று கடைக்குப் போன் செய்தேன்.