எதிர்வீட்டுச் சாட்சி

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், தெருவே சொல்லும். அந்த வாயை மூடி வைத்துத்தான் முப்பது வருஷம் சம்பளம் வாங்கினேன் என்றால் இன்றைக்கும் ஒருத்தரும் நம்புவதில்லை.

எல்லையில் போர் மூண்டிருந்த சமயம். எங்கே பார்த்தாலும் ஒற்றர் பேச்சு. காஞ்சிபுரத்தில் தட்டச்சு ஹையர் முடித்திருந்த நான், உளவுத் துறையில் சங்கேதச் செய்திகளைத் தட்டச்சு செய்யும் வேலைக்குத் தேர்வாகியிருந்தேன். என்னைப் பற்றி ரகசியமாக விசாரித்து நல்ல அறிக்கை போனால்தான் உத்தரவு வரும். வெளியே மூச்சு விடக் கூடாது என்று கடிதத்திலேயே போட்டிருந்ததால், அப்பா அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

அங்கேதான் வினை. வேட்டி சட்டையில் ஒருவர் எங்கள் நெசவாளர் தெருவுக்கு வந்து, "இந்த வீட்டுப் பெண் எப்படி?" என்று வீடு வீடாகக் கேட்டிருக்கிறார். முன்பின் தெரியாதவர் அப்படிக் கேட்டால் எங்கள் தெருவுக்கு அவர் மாப்பிள்ளை வீட்டார்தான். வரனைக் கெடுத்த பாவம் நமக்கெதற்கு என்று ஆளாளுக்கு அள்ளி விட்டார்கள்.

"பொண்ணு தங்கம்பா. வாசப்படி தாண்டாது."

"பத்தொம்போது வயசுதான் ஆவுது."

"டைப்பா? அதெல்லாம் தெரியாதுபா. தறியாண்ட குந்திக்கினு அப்பனுக்கு நாடா தள்ளும், அவ்ளோதான்."

சாயங்காலம் அத்தனை பேரும் வந்து அம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். விண்ணப்பத்தில் என் வயது இருபத்து மூன்று. நான்தான் பொய்க்காரி என்று அதிகாரி எழுதிவிட்டால் எல்லாம் தீர்ந்தது. அவர் கடைசியாக எதிர்வீட்டுக்கும் போனார் என்று தெரிந்ததும் அழுதே விட்டேன்.

எதிர்வீட்டு அத்தைக்கும் எனக்கும் இரண்டு வருஷப் பகை. பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில், தெருவில் அவர்கள் நெசவுக்காக நீட்டியிருந்த பாவு நூலில் என் கால் பட்டு இழைகள் அறுந்துபோயின. அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு சண்டை. எங்கள் தெருவில் சண்டை என்று வந்துவிட்டால் பாட்டன் காலத்துக் கதையெல்லாம் சந்திக்கு வரும்.

நான்கு நாள் கழித்து அதிகாரி என்னைப் பயணியர் விடுதிக்கு வரச் சொன்னார். அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, "நீ எழுதினதையே சொன்னவங்க ஒரே ஒருத்தர்தாம்மா" என்று எதிர்வீட்டு அத்தை பேசியதைப் படித்தார்.

"இருபத்து மூணு வயசு. தெனம் பஸ் ஏறிப் போயி டைப்பு படிச்சு முடிச்சுது. வாய்க்காரி. பஸ்ல இடிச்சவன கொடையால அடிச்சுது. பொய் சொல்லிக் கட்டிக்குடுத்தா நாளைக்கி அவதான் அல்லாடணும், அதான் சொல்றேன். எனக்கும் அவளுக்கும் ஆவாது. ஆனா எங்க வூட்டு விஷயம் ஒண்ணு அவளுக்குத் தெரியும். வெளிய வந்தா நாங்க தெருவுல நடக்க முடியாது. எவ்ளோ சண்ட போட்டாலும் ஒரு நாளும் அத இழுக்கல. தைரியமாக் கட்டிக்கினு போங்க."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"அது என்ன விஷயம்?"

"அவங்க வீட்டு விஷயம் சார்."

"சொன்னாத்தான் நான் அறிக்கை எழுத முடியும்."

வேலை போச்சு என்றே நினைத்தேன். "அப்படின்னா எழுத வேணாம் சார்" என்றேன்.

அவர் காகிதத்தில் ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினைந்தாம் நாள் உத்தரவு வந்தது.

அதற்குப் பிறகு என் விரல்கள் வழியாக எத்தனையோ அரசாங்க ரகசியங்கள் போயின. வயசாகிவிட்டது, பாதி மறந்துவிட்டது. அத்தை வீட்டு விஷயம் மட்டும் அப்படியே நினைவிருக்கிறது. அத்தை போய்ச் சேர்ந்து பல காலமாகிறது. அதை இங்கேயும் எழுதப் போவதில்லை.