வாட்ச் அக்கா

எங்கள் பிரிவில் அவரை வாட்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் அவர் கையில் வாட்ச் கட்டிப் பார்த்ததில்லை. அது மேஜைமேல் மல்லாந்து கிடக்கும். அதன்மேல் மவுஸ் உட்கார்ந்திருக்கும். நொடிமுள் நகர்வதைக் கை அசைவதாக மவுஸ் நம்பிவிடும். அதனால் லேப்டாப் திரை பூட்டிக்கொள்ளாது. இல்லாவிட்டால் ஐந்தே நிமிடத்தில் பூட்டிக்கொள்ளும். பதினாறு எழுத்துக் கடவுச்சொல்லை மறுபடி தட்ட வேண்டும். மேலாளரின் பட்டியலில் 'இருக்கையில் இல்லை' என்றும் விழும்.

"இந்த ஆபீஸ்ல ஓயாம உழைக்கிறது என் வாட்ச் ஒண்ணுதான்டி" என்பார் அக்கா. சிரித்துவிட்டு நாங்களும் ஆளுக்கொரு பழைய வாட்ச் கொண்டுவந்தோம். பாதுகாப்பு விதிகளைப் படித்துவிட்டதாக வருடாவருடம் கையெழுத்துப் போட்டோம். யாரும் படிக்கவில்லை.

அடி தாங்காமல் வீட்டைவிட்டு வந்த பெண்கள் தங்கும் விடுதிகளின் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது எங்கள் வேலை. பெயர், காயங்கள், எந்த விடுதி, எந்த அறை. அக்காவின் தம்பி மனைவியும் அந்தப் பதிவுகளில் ஒருத்தி. அவளைக் கொண்டுபோய் விட்டதே அக்காதான். தம்பியிடம் மூச்சுவிடவில்லை. அவன் கெஞ்சினான், கத்தினான்.

"தெரியாதுடா. தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன்."

அந்த வாரம் காய்ச்சல் என்று அக்கா வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். பதினோரு மணிக்குத் தம்பி வந்தான்.

"சாப்பிட்டியா?"

"நேத்துலேருந்து ஒண்ணும் இறங்கலக்கா."

மனசு கேட்காமல் அடுப்படிக்குப் போனார். எழும்போதே கை தானாக மவுஸை வாட்ச்மேல் வைத்திருந்தது. தட்டோடு திரும்பியபோது நாற்காலி காலி. வாசல்கதவு திறந்து கிடந்தது. திரையில் தம்பி மனைவியின் பெயர், கீழே விடுதியின் முகவரி.

விடுதிக்குச் சொன்னால், முகவரி எப்படி வெளியே போனது என்று கேட்பார்கள். வேலை போய்விடும். அக்கா தம்பியைத்தான் முதலில் அழைத்தார், ஏழு முறை. அவன் எடுக்கவில்லை. பிறகுதான் விடுதிக்கு அழைத்தார்.

"இருபது நிமிஷம்டி. என் வேலையத்தான் நெனச்சிருக்கேன்" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

அதற்குள், துணி காயப்போட வெளியே வந்தவளை அவன் பார்த்துவிட்டான். அவனைப் போலீஸ் பிடித்தது. அவள் உயிர் பிழைத்தாள். இடது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "அந்த வார்டன்தான் சொல்லியிருக்கணும் அண்ணி. மூஞ்சியே சரியில்ல."

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது.

"வார்டன் இல்லம்மா. நான்தான்" என்று சொல்லி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார் அக்கா.

அவள் அழவில்லை, திட்டவில்லை. மருந்து கொடுக்க வந்த நர்ஸிடம் மெதுவாகச் சொன்னாள்: "சிஸ்டர், இவங்கள இனிமே உள்ள விடாதீங்க."