போட்டுட்டேன்

மீனில் ஆதிலட்சுமியை ஏமாற்ற முடியாது. செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், வயிற்றில் விரலால் ஓர் அழுத்து; நேற்றைய மீனா இன்றைய மீனா என்று சொல்லிவிடுவாள். முத்தியால்பேட்டைத் தெருக்களில் அவளிடம் வாங்குகிறவர்கள் விலையில்தான் சண்டை போடுவார்கள்.

புருஷன் பஞ்சநாதனுக்குச் சர்க்கரை. இன்சுலின் இல்லாமல் முடியாது. விடியலில் மீன் எடுக்கக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்பாள்.

"ஊசி போட்டியாய்யா?"

"போட்டுட்டேன், போ."

அந்த ஒரு சொல்லை நம்பிக் கூடையைத் தூக்குவாள்.

ஒரு நாள் வியாபாரம் முடித்து வந்தபோது அவர் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தார். ஓடி வந்தவர்போல மூச்சு. வாயில் அழுகிய பழத்தின் நெடி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கோயில்ல சத்தியம் பண்ணிட்டு மறுபடியும் குடிச்சியா? வெக்கமா இல்ல ஒனக்கு?"

இல்லை என்று அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகும்வரை திட்டிக்கொண்டே போனாள்.

"இது சாராய வாசனை இல்லம்மா," என்றார் டாக்டரம்மா. "ஊசிய எப்ப நிறுத்தினாரு?"

"நிறுத்தலையே! தினமும் கேட்டுட்டுத்தான் போறேன்."

டாக்டர் மெதுவாகச் சொன்னார். "இன்சுலின் இல்லன்னா ஒடம்பு கொழுப்ப எரிக்க ஆரம்பிக்கும். அதுல வர்ற அமிலம் ரத்தத்துல ஏறிடும். இதயம் சுருங்கணும்னா கால்சியம் தசையில போய் ஒட்டணும். அமிலம் அத ஒட்ட விடாது. சுருங்கச் சொல்ற சேதி வரும், தசை இறுகாது. வாந்தியில தண்ணியும் போயிருக்கு. அதான் பிரஷர் இப்படி எறங்கிக் கெடக்கு."

ஐஸ்பெட்டிக்குள் நெடுநேரம் கை விட்டால் பிடி என்று நினைத்தாலும் விரல் மடங்காது. இவருக்கு நெஞ்சுக்குள் அப்படி ஆகிவிட்டது என்று அவள் புரிந்துகொண்டாள். தினமும் ஊசி போட்டும் ஏன் ஆனது என்பதுதான் புரியவில்லை.

ஊசியும் சலைனும் ஏறி, மறுநாள் பஞ்சநாதன் கண் திறந்தார். அவர் தங்கை கன்னியம்மாள் கஞ்சித் தூக்கோடு கட்டிலருகே நின்றாள்.

"ஏய்யா, போட்டேன்னு பொய் சொன்னியா?"

"பொய் சொல்லல லட்சுமி. போட்டுட்டேன்னுதான சொன்னேன்," அசட்டுச் சிரிப்போடு சொன்னார். "சாக்கடையில போட்டுட்டேன்."

கன்னியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு புதிதாகக் கேட்டவள் சிரிப்பாக இல்லை.

"ஒனக்கும் தெரியுமா?"

சிரிப்பு நின்றது. "கோச்சுக்காதீங்க அண்ணி. ஊசிக்கு ஒடம்பு அடிமையாயிடும்னு சொன்னாங்க. நான்தான் சர்க்கரைக்கு நாட்டுமருந்துப் பொடி வாங்கித் தந்தேன். ஒங்களுக்குத் தெரிஞ்சா கத்துவீங்கன்னு அண்ணன்தான்..."

குடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அது ஒருவர் புத்தி கெட்டுச் செய்வது. இது இரண்டு பேர் கூடிப் பேசி, விடியலுக்கு விடியல் அவளை வாசலில் நிற்கவைத்துச் செய்தது. அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு மருந்தைக் கொட்டியிருப்பார்.

நர்ஸ் ஊசி மருந்தோடு வந்தாள். "வீட்டுல யாரு போடப் போறீங்க? வந்து கத்துக்குங்க."

பஞ்சநாதன் ஆதிலட்சுமியைப் பார்த்தார். கன்னியம்மாளும் பார்த்தாள். ஆதிலட்சுமி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அவர் சட்டையை உயர்த்தினார். முகத்தைப் பார்க்காமல், நர்ஸ் காட்டிய இடத்தில் சதையைப் பிடித்துக் குத்தினாள்.

"வலிக்கல லட்சுமி," என்றார்.

வலிக்கிறதா என்று அவள் கேட்கவில்லை.