மரமுட்டை யாருடையது

பத்ரூனில் கடலைப் பார்த்த மாடியொன்றில் இருந்த கிறிஸ்தவ வானொலியில் நுஹாத் இருபத்து மூன்று வருடமாக அறிவிப்பாளர். மொராக்கோவிலிருந்து பஸ்ரா வரை அரபி பேசுகிற வீடுகளில் அவள் குரல் தெரியும். அரை மணி நேரத் தூரத்தில், கூராவின் ஒலிவத் தோப்புகளுக்கு நடுவே இருந்த சொந்தத் தம்பி மித்ரி மட்டும் அவளோடு பேசி ஒன்பது வருடமாகிறது.

காரணம் ஒரு முட்டை. ஈஸ்டரன்று சாயமேற்றிய அவித்த முட்டைகளை மோதவிடுவார்கள். உடையாத முட்டைக்காரனுக்கு உடைந்ததெல்லாம் சொந்தம். பத்து வயதில் மித்ரி ஊர் முட்டை மொத்தத்தையும் ஜெயித்தான். ஒன்பது வருடத்துக்கு முன் ஈஸ்டர் நிகழ்ச்சியில் நான்கு நிமிடம் மிச்சம் விழ, அதை நிரப்ப நுஹாத் அந்தக் கதையை எடுத்துவிட்டாள். தம்பி கையிலிருந்தது மரமுட்டை என்றாள். மித்ரி கணக்கு வாத்தியார். கோவிலில் முன்னால் நின்று பாடுகிறவன். மறுநாளிலிருந்து ஊர் அவனை மரமுட்டை வாத்தியார் என்றது.

அன்றே ஃபோன் செய்தான். “இனிமே நீ எனக்கு ரேடியோவுல பேசுற பொம்பள. அவ்வளவுதான்.”

அதன்பின் வருடாவருடம் பேரீச்சம்பழப் பலகாரம் செய்து அனுப்பினாள். டப்பா திறக்காமலே திரும்பி வந்தது. அவளும் விடவில்லை, அவனும் விடவில்லை. அக்காள் தம்பி இருவருக்கும் ஒரே ரத்தம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் அவன் பேசிவிட மாட்டானா என்ற ஏக்கம் மட்டும் அவளுக்கு ஒருநாளும் தீரவில்லை.

இந்த வருடம் பெரிய வெள்ளியன்று மூன்று கோவிலில் பிரசங்கம் செய்த போதகர் ஹபீப்புக்கு ஞாயிறு காலை தொண்டை கட்டிவிட்டது. வானொலியின் ஈஸ்டர் செய்தி அவருடையது. கையில் இருந்த கடிதத்தை நுஹாத்திடம் நீட்டி, காற்றாக வந்த குரலில் சொன்னார்: “நீயே பேசிடும்மா. அஞ்சு நிமிஷம்தான்.”

“நான் பிரசங்கியா பாஸ்டர்? லெட்டர் வாசிக்கிறவ.”

“அப்போ லெட்டருக்குப் பதில் சொல்லு.”

கடிதம் பஸ்ராவிலிருந்து, ஒரு தையல்காரர் எழுதியது. ‘நம் பழியை அவர் சுமந்தார் என்று வருடாவருடம் சொல்கிறீர்கள். ஒருவர் பழியை இன்னொருவர் எப்படிச் சுமப்பது? எனக்குப் புரிகிற மாதிரி ஒரு உதாரணம் சொல்லுங்கள்.’

நுஹாத் யோசித்தாள். உதாரணம் ஒன்றுதான் வந்தது. அது வேண்டாம் என்று இன்னொன்றைத் தேடினாள். வரவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

“பஸ்ரா அண்ணனுக்கு வணக்கம்,” என்றாள். “ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இதே மைக்ல என் தம்பியோட மரமுட்டையைப் பத்திச் சொன்னேன். அதுல பாதியத்தான் சொன்னேன். தச்சர்கிட்ட கெஞ்சி அந்த முட்டையைக் கடைஞ்சு வாங்கினது நான். வெங்காயத் தோல்ல சாயம் போட்டதும் நான். பொம்பளப் பிள்ளை மோதினா சந்தேகப்படுவாங்கன்னு அவன் கையில குடுத்தேன். ஜெயிச்ச முட்டையில பாதியத் தின்னேன். அவனுக்கு அது மரம்னே சாயங்காலம்தான் தெரியும். ஊர் அவனைக் கேலி பண்ணின இந்த ஒன்பது வருஷத்துல, ‘அது எங்க அக்காவோடது’ன்னு ஒரு வார்த்தை அவன் சொன்னதில்லை. அண்ணே, பழியைச் சுமக்கிறதுன்னா இதுதான். கிறிஸ்து சுமந்தது இதைவிடப் பெருசு. எனக்குத் தெரிஞ்ச அளவு இவ்வளவுதான்.”

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டும் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்து சேர நான்கு நிமிடம் ஆனது. மீதி ஒரு நிமிடத்துக்குப் பாட்டுப் போட்டார்கள்.

அன்று நாற்பத்தொரு அழைப்புகள் வந்தன. பஸ்ராக்காரர் புரிந்தது என்றார். கூராவிலிருந்து ஒன்றுமில்லை.

நுஹாத் மரோனிய சபைக்காரனைக் கட்டிக்கொண்டவள், மித்ரி ஆர்த்தடாக்ஸ் சபை. இரண்டு சபைக்கும் நாள்கணக்கு வேறு. அவனுக்கு ஈஸ்டர் அடுத்த ஞாயிறுதான். அன்று மதியம் டப்பாவை அனுப்பாமல் தானே தூக்கிக்கொண்டு போனாள். மித்ரியின் மனைவி ரந்தா கதவைத் திறந்தாள். மித்ரி சாப்பாட்டு மேசையில் இருந்து எழுந்திருக்கவில்லை.

“கேட்டேன்,” என்றான், தட்டைப் பார்த்தபடி. “மோசுல்காரன் கேட்டான், சூடான்காரன் கேட்டான். ஊரே கேட்டுச்சு. எல்லார்கிட்டயும் சொல்லிட்ட. என்கிட்ட சொன்னியா?”

நுஹாத் வாயைத் திறந்தாள். இருபத்து மூன்று வருடத்தில் ஒரு நாளும் தடுமாறாத குரல் வரவில்லை. இருமினாள். மறுபடி ஆரம்பித்தாள்.

“மித்ரி... முட்டை என்னுது. உன்னை மாட்டிவிட்டேன். தப்புடா. மன்னிச்சிடு.”

அவன் வாயிலிருந்ததை மென்று முடித்தான். தண்ணீர் குடித்தான்.

“ரந்தா,” என்றான், “அக்காவுக்கு ஒரு தட்டு வை.”

அதைக்கூட அவளிடம் சொல்லவில்லை, பெண்டாட்டியிடம்தான் சொன்னான். ஆனாலும் அக்கா என்று சொல்லிவிட்டான். நுஹாத் டப்பாவைக் கட்டிப்பிடித்தபடி வாசலிலேயே நின்று அழுதாள்.